சுர்சாகர் ஏரியருகே தஞ்சாவூர்ச் சதிர்

பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைப் புலம் நகர நடுவில், சுர்சாகர் ஏரியருகே இயங்குகிறது. பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1949இல். புலத்தின் வரலாறோ 1886இல், மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட்டின் ஆதரவில் மௌலா பக்ஷ் தொடங்கிய இசைப்பள்ளியிலிருந்து தொடங்குகிறது. குருவின் வாய்மொழியாக மட்டுமே கிடைத்துவந்த இசையை, சுரக்குறிப்பு, பாடநூல், வகுப்பறை ஆகியவற்றின் வழியே பொதுமக்களுக்கு அப்பள்ளி திறந்துவிட்டது.

நடனம் அங்கு வந்து சேர்ந்த வழி வேறு. 1880இல் சயாஜிராவ் தஞ்சாவூரைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார். பரோடாவில் அவர் பெயர் சிம்னாபாய். அந்த மண உறவின் வழியே தஞ்சாவூர்ச் சதிர்க் குழுவொன்று பரோடா அரண்மனையை அடைந்தது. குழுவின் கௌரா, காந்திமதி இருவரும் அரசவைக் கலைஞர்களாக ஆடினர். இசைப்பள்ளிக்கு வந்தோர் மாணவர். சதிர்க்குழுவினரோ அரண்மனைச் சீரோடு எண்ணப்பட்டோர்.

1949இல் ஹன்சா மேத்தா முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற பல்கலைக்கழகம் இசை, நடனம், நாடகம் மூன்றையும் உயர்கல்விக்குள் கொணர்ந்தது. இந்தியாவில் நடனத்துக்குப் பட்டப்படிப்பு அளித்த முன்னோடிப் பல்கலைக்கழகங்களுள் பரோடாவும் ஒன்று. சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பரம்பரைக் கலைஞர் மீது இழிவு சுமத்தப்பட்ட அதே காலத்தில், அவர்களது கலை பட்டத்துக்குரிய பாடமாயிற்று.

இப்பாடத்திட்டத்தால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் விண்ணப்பித்து நடனம் பயிலலாம் என்றானது. காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்கர் பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பித்தார். கலாக்ஷேத்திராவில் பயின்ற சி. வி. சந்திரசேகர் 1980இல் அங்குச் சேர்ந்து, புலத் தலைவராகவும் பணியாற்றினார். எனினும் மகனுக்குக் கிட்டிய ஆசிரியர் பதவி, தாய் ஆடிய காலத்தில் இருக்கவேயில்லை. அவருக்கு ஊதியம் இருந்தது; தம் கலையைக் கற்பிக்கும் கல்வியாளர் என்ற தகுதி இல்லை.

பல்கலைக்கழகக் கலைமையங்களின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர், துணைவேந்தர், கட்டடம் என்றே எழுதப்படுகிறது. மாணவர் மேடையேறும் ஒவ்வோர் அடவும் எவருடைய உடல் வழியே அம்மேடையை அடைந்தது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. பரோடாவின் முன்னோடிகள் பட்டியலில் மௌலா பக்ஷுக்கு இடமுண்டு; கௌராவுக்கும் காந்திமதிக்கும் அதே வரிசையில் இடம் வேண்டும்.