அப்பாவின் டைனமோவும் அக்கா மகன் கொண்டுவந்த லைட்டும்

போன மாசம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு என் அக்கா மகன் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தான். பர்மிங்காமில் வேலை. எல்லாருக்கும் சாக்லேட், சென்ட்டு. எனக்கு மட்டும் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தால் சைக்கிள் லைட்டு. முன்னாடிக்கு வெள்ளை, பின்னாடிக்குச் சிவப்பு. செல்போன் மாதிரி சார்ஜ் போட்டுக்கலாம்.

"எவ்வளவுடா?" என்றேன்.

"பத்து பவுண்டுக்கும் கம்மி மாமா. மளிகைக் கடையில வாங்கினது."

என் வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டாள். "பருப்பு வாங்குற கடையில லைட்டா? ஒரு மாசம் எரியுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்ன ஊர்ப் பேரும், மலிவு விலை லைட்டும் என்னை நாற்பது வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டன. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

பர்மிங்காம் என்ற பேரை நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே சைக்கிளில் பார்த்தேன். எங்கள் தாத்தா வாங்கிய பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் முன்பக்க வில்லையில் அந்தப் பேர் இருந்தது. ஹெர்குலிஸ் அந்த ஊர்க் கம்பெனி. பி.எஸ்.ஏ.வும் அந்த ஊர்தான். 1861-ல் துப்பாக்கி செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனி அது, பிறகுதான் சைக்கிளுக்கு வந்தது. மூன்று துப்பாக்கியைச் சாய்த்து நிறுத்தின மாதிரி அதற்கு ஒரு முத்திரை உண்டு. மில்லர் டைனமோவும் அங்கே பிறந்ததுதான்.

சைக்கிள் விளக்குக்குப் பேர்போன லூகாஸ் கம்பெனியின் கதை எனக்குப் பிடிக்கும். ஜோசப் லூகாஸ் என்பவர் வேலையில்லாமல், குடும்பத்தைக் காப்பாற்ற பர்மிங்காம் தெருக்களில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். எண்ணெய் விற்றவர் விளக்கும் விற்க ஆரம்பித்தார். 1879 வாக்கில், பெரிய முன்சக்கரம் வைத்த அந்தக் காலச் சைக்கிளுக்குச் சக்கரத்தின் நடுவில் தொங்குகிற ஒரு எண்ணெய் விளக்கைக் கொண்டுவந்தார். அப்புறம் கார்களுக்கு மின்சாமான் செய்கிற பெரிய கம்பெனியாக வளர்ந்தது.

நம்ம ஊர் சைக்கிளுக்கும் அந்த ஊர் சம்பந்தம் உண்டு. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். அம்பத்தூர் தொழிற்சாலை அவர்களுடையது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு உள்ளூர்ச் சரக்கு ஆகிவிட்டது. வடக்கே 1956-ல் லூதியானாவில் ஹீரோ வந்தது. அந்த முஞ்சால் சகோதரர்களும் முதலில் சைக்கிள் உதிரிபாகம் விற்றவர்கள்தான். லூதியானா முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகள் வளர்ந்து, பெல், பெடல், கேரியர், டைனமோ என்று நாடு முழுக்க மலிவாகப் போக ஆரம்பித்தது.

நகரத்தில் இருக்கிற உங்களில் பலருக்குச் சைக்கிள் என்றால் காலையில் உடம்புக்கு ஓட்டுவது. எங்களுக்கு அது வண்டிமாடு மாதிரி. புதுச் சைக்கிள் வாங்கினால் மட்டும் முடியாது. மூட்டை வைக்கக் கனமான கேரியர், பாரம் தாங்குகிற ஸ்டாண்டு, லைட்டு எல்லாம் தனித்தனியாகக் காசு சேர்த்து வாங்கவேண்டும். அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை சைக்கிள் வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. ராத்திரியில் லைட் இல்லாமல் போனால் காக்கிச் சட்டை மறிக்கும். அபராதம் கட்டு, இல்லாவிட்டால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார்கள். எட்டு மைல் தள்ளிக்கொண்டே வரணும்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பா கத்திரிக்காய், வெண்டைக்காய் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு விடியக்காலம் மூணு மணிக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். 1984 ஐப்பசியில் பழைய டைனமோ செத்துப்போனது. சைக்கிள் கடையில் நல்ல செட்டு 100 ரூபாயை ஒட்டி இருந்தது. வாரச் சந்தையில் தார்ப்பாய் விரித்து ஒருத்தர் விற்றது 40 ரூபாய். பெட்டியில் பேர்போன கம்பெனிப் பேர் மாதிரியே ஒரு பேர், ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். அப்பா 40 ரூபாய்ச் சரக்கை வாங்கினார். கூட நின்று, "இதே போதும்பா, பளபளன்னு இருக்கு" என்று சொன்னது நான்தான்.

டைனமோவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன உருளை உரசிச் சுற்றும். உள்ளே காந்தம், கம்பிச்சுருள். நல்ல டைனமோ 6 வோல்ட், 3 வாட் கொடுக்கும். வேகமாக மிதித்தால் வெளிச்சம், மெதுவாகப் போனால் மங்கல், நின்றால் இருட்டு. மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். நல்ல டைனமோவில் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும், உருளையில் பல் ஆழமாக இருக்கும், ஓரளவுக்குப் பிடித்துக்கொள்ளும். மலிவுச் சரக்கில் அது ரெண்டையும்தான் குறைத்திருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. குரோம் பூச்சு மட்டும் கண்ணைப் பறிக்கும்.

மூணாவது வாரம் ராத்திரி நல்ல மழை. வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் லைட் சுத்தமாக அணைந்துவிட்டது. அப்பாவுக்குப் பாலத்துச் சுவர் தெரியவில்லை. மூட்டையோடு வாய்க்காலில் விழுந்தார். வலது கால் எலும்பு ரெண்டு இடத்தில் முறிவு. விடிந்து பால்காரர் பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் நான் பத்தாவது. பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணினேன். ஆனால் பிளஸ் ஒன் சேரவில்லை. அப்பா கட்டுப்போட்டுக் கிடக்க, மூட்டையை மார்க்கெட்டுக்கு யார் கொண்டுபோவது? அப்பா சாகிறவரை அந்த 60 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. அதனாலேயே மலிவு என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும்.

இப்போது அந்த மளிகைக் கடைக்கு வருகிறேன். கடைப் பேர் ஆல்டி. 1913-ல் ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்தில் ஒரு அம்மா நடத்திய சின்னக் கடை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மகன்கள் கார்ல், தியோ ஆல்பிரெக்ட் எடுத்து நடத்தினார்கள். விளம்பரம் கிடையாது. சாமானை அடுக்கி வைக்கக்கூட ஆள் கிடையாது, வந்த அட்டைப்பெட்டியோடு அப்படியே தரையில் வைப்பது. ஒவ்வொன்றிலும் பத்து ரகம் இல்லை, ஒரு ரகம்தான். மிச்சமான செலவை விலையில் குறைத்தார்கள். 1962-ல்தான் ஆல்டி என்ற பேர் வந்தது. லிடில் என்ற இன்னொரு ஜெர்மன் கடையும் 1973-லிருந்து இதே வழியில் வளர்ந்தது.

ஆல்டி இங்கிலாந்தில் முதல் கடை திறந்தது 1990-ல், பர்மிங்காமில். லூகாஸ் தள்ளுவண்டி தள்ளிய அதே ஊர்! மளிகைக்கு நடுவில் ஒரு வரிசையில் வாராவாரம் வேற வேற சாமான் போடுவார்களாம். வெயில் காலம் தொடங்கும்போது சைக்கிள் சாமான் வரும். பம்ப்பு, பூட்டு, ஹெல்மெட், கையுறை, லைட்டு எல்லாம். "காலையிலேயே போயிடணும் மாமா, தீர்ந்துட்டா அவ்வளவுதான்" என்றான். நம்ம சந்தைக்குப் போகிற மாதிரியேதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். லைட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அலை மாதிரி ஒரு கோடு, கே என்ற எழுத்து, ஒரு எண். மருமகன் விளக்கினான். ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுக்கு அரசாங்கம் கொடுக்கிற அனுமதி எண் அது. இவ்வளவு வெளிச்சம், எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கக் கூடாது என்றெல்லாம் சோதனை உண்டு. அது இல்லாத லைட்டை ரோட்டுச் சைக்கிளுக்கு என்று அங்கே விற்கவே கூடாது. 2013 வரைக்கும் அங்கே டைனமோதான் கட்டாயம், அப்புறம்தான் பேட்டரி லைட்டுக்கு அனுமதி. மலிவுக் கடைக்கும் அதே சட்டம், பெரிய கடைக்கும் அதே சட்டம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே மலிவு என்பது கடையின் ஆடம்பரத்தில் குறைத்தது. எங்கள் சந்தையில் மலிவு என்பது சாமானின் உள்ளே குறைத்தது. அப்பா கம்மி விலைக்கு ஆசைப்பட்டது தப்பே இல்லை. ஏழை மலிவாகத்தான் வாங்குவான். லைட் இல்லாவிட்டால் ஏழையைப் பிடிக்கச் சட்டம் இருந்தது. எரியாத லைட்டை விற்றவனை யாரும் பிடிக்கவில்லை.

இந்தப் புது லைட்டிலும் ஒரு குறை சொல்லணும். பேட்டரி போனால் எங்கள் சைக்கிள் கடை அண்ணனால் ஒன்றும் செய்யமுடியாது. எல்லாம் ஒட்டி மூடியிருக்கிறது. பழைய டைனமோவை அவர் பிரித்து, கம்பி சுற்றி, நாலு ரூபாயில் உயிர் கொடுப்பார்.

லைட்டை இப்போது என் சைக்கிளில் மாட்டியிருக்கிறேன். எங்களுக்கு மும்முனைக் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். மோட்டார் போட அதே வாய்க்கால் பாலத்தைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போகணும். நேற்று ராத்திரி பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். நின்ற பிறகும் லைட் எரிந்துகொண்டே இருந்தது. பாலத்துச் சுவர் சுண்ணாம்பு உதிர்ந்த இடம்வரை தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வந்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிராமத்து ரோட்டில் ராத்திரி கார் ஓட்டிவரும்போது ஹெட்லைட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். எதிரே லைட் இல்லாமல் ஒரு சைக்கிள் வரலாம். அவர் லைட் வாங்காதவர் என்று நினைக்காதீர்கள். வாங்கியது எரியாமல் போயிருக்கும்.