கரையில் நின்ற படகுகள்

நாவலூரில் என் அலுவலக ஜன்னலிலிருந்து கடல் தெரியாது. பைக்கை எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் கோவளம். கரை முழுக்க ஃபைபர் படகுகள். கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்கணும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பள்ளியில் துணி திரட்டினார்கள். நானும் ஒரு பை கொடுத்தேன். நாகப்பட்டினத்தில் அப்படி வந்த பழந்துணிகள் எடுப்பாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்ததைப் பின்னால்தான் படித்தேன். துணியை அள்ளி அப்புறப்படுத்திவிடலாம். படகை?

தொண்டு நிறுவனங்களுக்குப் படகு வசதியான உதவி. எண்ணலாம், பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். கூலிக்குக் கடலுக்குப் போனவர்கள் பலர் படகுக்காரர்கள் ஆனார்கள். அது சின்ன விஷயமில்லை. ஆனால் எல்லோரிடமும் படகு இருந்தால் கூட வலை இழுக்க யார் வருவது? ஆள் கிடைக்காமல் படகுகள் கரையிலேயே நின்றன. துடுப்பும் பாயும் போதுமாயிருந்தவர்களுக்கு இன்ஜின், எண்ணெய்ச் செலவு. படகு அளவுக்கு மீறிப் பெருகும் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு அப்போதே எச்சரித்தது. படகு பெருகியது, மீன் பெருகவில்லை.

கொடுத்திருக்கவே கூடாதுன்னு சொல்லவில்லை. எத்தனை படகு போச்சு என்று எண்ணியவர்கள், கடல் எத்தனை தாங்கும் என்றும் அந்த மக்களிடம் கேட்டிருக்கலாம். துணிப்பையைக் கட்டும்போது நானும் யாரையும் கேட்கவில்லை.