கூர்மையா, குத்தலா?

2009-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 800 ஹெட்போனைக் கொண்டுவந்தபோது, அதன் ஒலி விசாலத்தைப் பெரும்பாலோர் மெச்சினார்கள். சண்டை மேல் அலைவரிசைகளில்தான். வயலின் வில் உரசுவதுகூடக் கேட்கிறதென்று ஒரு சாரார் கொண்டாட, பாடகியின் ஒவ்வொரு ‘ஸ’வும் காதைக் குத்துகிறது என்றார்கள் மற்றவர்கள். ரசனை வேறுபாடு என்று இதைத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். ‘சரியான ஒலி’ எது என்பதற்கே இரண்டு அளவுகோல்கள் இருந்தன. எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வரும் ஒலி செவிப்பறையில் எப்படி விழுமோ, அப்படியே ஸ்டுடியோ ஹெட்போனும் ஒலிக்க வேண்டும் என்று 1986-இல் வாதிட்டார் ஒலி ஆய்வாளர் குந்தர் தைலே. ஜெர்மன் ஹெட்போன்கள் பலவற்றில் அந்தச் சாயல் உண்டு. ஆனால் வீட்டு அறையோ மேல் ஒலிகளை உறிஞ்சி, கீழ் ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். அந்த அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதுபோன்ற ஒலியையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று 2010-களில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் சோதித்துக் காட்டினார்கள்.

எச்டி 800-இல் 6,000 ஹெர்ட்ஸ் அருகே துருத்தி நின்ற முகடு எந்த அளவுகோலிலும் அடங்காத பிழைதானே என்று கேட்கலாம். உண்மைதான், 2016-இல் வந்த எச்டி 800 எஸ் அந்த அதிர்வை விழுங்கும் சிற்றறையோடுதான் வந்தது. ஆனால் அந்த உயரத்தில் காது மடலின் வளைவுகள் ஆளுக்கு ஆள் ஒலியை மாற்றுகின்றன. அளவீட்டுக்கான பொம்மைத் தலையில் அளந்த முகடு எல்லோருடைய செவிப்பறையையும் ஒரே வலுவில் எட்டுவதில்லை. வயது ஏற ஏற முதலில் மங்குவதும் மேல் ஒலிகளே. பழைய ஹெட்போனே மேல் என்பவர்களைச் செவிடர்கள் என்று கேலி செய்வது (நடக்கிறது) அநியாயம்.