கீழ்த்தாடை விளிம்பு நரம்பு: ஓர் அளவின் வரலாறு

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இரவு பகலாக லாரிகள் ஓடும் பாதை. இத்தகைய சாலையில் விபத்துக்குள்ளாகித் தாடை முறிந்த ஒருவருக்கு வெளிப்புறமாகக் கீறி எலும்பைப் பொருத்த நேர்ந்தால், மருத்துவர் தாடையின் கீழ்விளிம்புக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கீழே கத்தியை வைப்பார். முகநரம்பின் கீழ்த்தாடை விளிம்புக் கிளையைக் காப்பதற்கான பாடநூல் விதி இது. அக்கிளை அறுபட்டால் கீழுதட்டின் ஒரு பாதி கீழிறங்காது, சிரிப்புக் கோணலாகும். இந்த 2 செ.மீ. எவ்வாறு நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முகத்தின் அசைவுக்குரிய நரம்பு வேறு, உணர்வுக்குரிய நரம்பு வேறு என்பதைச் சார்லஸ் பெல் 1821இல் எடுத்துரைத்தார். அதற்கு முன்னர் முகவலியைத் தீர்க்க எண்ணி அசைவு நரம்பையே அறுத்தவர்களும் உண்டு. வலி நீங்கவில்லை, முகம் செயலிழந்தது. கனடாவின் ரிஸ்டன் தாடைக் கோணத்துக்குக் கீழே இடும் கீறலை 1934இல் விவரித்தார். நரம்பின் வேறுபாடுகளை எண்ணிக் கணக்கிட்ட பெரிய ஆய்வுகள் அதன் பின்னரே வந்தன என்பது கவனத்துக்குரியது. டேவிஸ் குழுவினர் 1956இல் 350 முகப்பாதிகளை ஆராய்ந்து, கிளை பிரியும் முறையை ஆறு வகையாகப் பகுத்தனர்.

டிங்மன், கிராப் இருவரும் 1962இல் 100 முகப்பாதிகளை அறுத்துப் பார்த்தனர். முகத் தமனிக்குப் பின்புறம் 81 விழுக்காட்டில் நரம்பு தாடை விளிம்புக்கு மேலேயே சென்றது. எஞ்சிய 19 விழுக்காட்டில் கீழே வளைந்தது, அதுவும் 1 செ.மீ.க்கு மிகாமல். ஆனால் சையாரா, அட்கின்சன் ஆகியோர் 1981இல் 76 முகப்பாதிகளில் 53 விழுக்காட்டில் கிளை விளிம்புக்குக் கீழே செல்வதைக் கண்டனர். அதற்கு முன்பே, 1979இல், பேக்கரும் கான்லியும் உயிருள்ளோரிடம் செய்த அறுவைகளில் நரம்பு 1 முதல் 2 செ.மீ. வரை கீழே கிடந்ததாகவும், தசை தளர்ந்தோரிடம் இன்னும் தாழ்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தனர். பதப்படுத்திய உடலில் திசு இறுகும்; அறுவை மேசையில் கழுத்தை நீட்டித் தலையைத் திருப்பினால் நரம்பும் இடம்பெயரும். ஆகவே 2 செ.மீ. என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. வெவ்வேறு உடல்களில் எடுத்த கணக்குகளிலிருந்து எச்சரிக்கையுடன் கூட்டி வைத்துக்கொண்ட இடைவெளி என்றே அதைக் கொள்ள வேண்டும்.

சாம்பி 1978இல் பரப்பிய சிறு தகடு முறையில் வாயின் உட்புறமாகவே எலும்பைப் பொருத்த முடிந்தது. முகநரம்புக்கு இடர் குறைந்தது. எனினும் கீழுதட்டுக்கு உணர்வு தரும் மற்றொரு நரம்பு இப்போது கத்தியின் வழியில் நின்றது. சிதறிய முறிவுகளுக்கு வெளிக்கீறலும் நீங்கவில்லை.

சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சேலம், நாமக்கல் இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. உடற்கூறு வகுப்பில் அறுக்கப்படும் ஒவ்வோர் உடலிலும் இக்கிளையின் தாழ்வை அளந்து குறித்துவந்தால், இவ்வட்டாரத்துக்கென ஒரு கணக்கு சேரும். சொல்லிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பேச்சுவழக்கில் கைமேல் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் 'நரம்பு'தான். ஒப்புதல் படிவத்தில் 'நரம்பு பாதிக்கப்படலாம்' என்று படிப்பவர் இரத்தப்போக்கை எண்ணிக் கையெழுத்திடக்கூடும். 'சிரிக்கும்போது உதடு ஒருபுறம் கோணலாம், சிலருக்கு அது மாறாமலும் போகலாம்' என்று எழுதுவதே தகும்.