அமுக்க விகிதமும் ஆற்றலும்: சேர்வராயன் மலைச்சாலை முன்வைத்து

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு, மாரமங்கலம் முதலிய மலையூர்களை நோக்கி ஏறும் வண்டி, ஏற்காட்டில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை அடைகிறது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அமுக்க விகிதம் இவ்விழப்பை ஈடுசெய்வதில்லை. புகுந்த காற்று எத்தனை மடங்கு சுருங்கும் என்பதையே அது வரையறுக்கிறது. எவ்வளவு காற்று புகும் என்பது வேறு வினா.

இவ்வேறுபாட்டை இந்தியக் கார்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1980ஐ ஒட்டி வந்த அம்பாசடர் டீசலின் 1,489 கன செ.மீ. எஞ்சின், 23:1 விகிதம் கொண்டிருந்தும் ஏறத்தாழ 40 குதிரைத்திறனே தந்தது. அவ்வுயர் விகிதம் ஆற்றலுக்காக அமைந்ததன்று; முன்னறையில் வெப்பத்தை இழக்கும் அவ்வகை எஞ்சின் குளிரில் பற்றிக்கொள்ள அது தேவைப்பட்டது. 2007இல் வந்த ஸ்விஃப்ட் டீசலின் எஞ்சினோ 1,248 கன செ.மீ. மட்டுமே; விகிதம் 17.6:1, திறன் 75. நேரடி எரிபொருள் பீச்சலோடு டர்போ திணித்த கூடுதல் காற்றே இதன் காரணம். முன்பே அழுத்தப்பட்ட காற்றை 23 மடங்கு சுருக்கினால் உச்ச அழுத்தத்தைப் பிஸ்டன் தாங்காது. ஆகவே விகிதம் தாழ்ந்தது.

கழிவு வாயுவால் சுழலும் டர்போ, உயரம் கூடும்போது விரைந்து சுழன்று இழப்பின் பெரும்பகுதியை மீட்கும். எஞ்சின் தண்டோடு பிணைந்த சூப்பர்சார்ஜருக்கு அவ்வாய்ப்பு இல்லை.