மலைநாட்டின் பழைய கார்கள்: தகரமும் துருவும்

பழைய கார்களைப் புதுப்பிப்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இலங்கையின் தேயிலை நாட்டில் அது நெடுங்காலம் பிழைப்புக்கான அவசியமாகவே இருந்தது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர்களையும் லாண்ட் ரோவர்களையும் காணும்போதெல்லாம், அவற்றின் தகட்டுக்கடியில் ஒரு வரலாறு மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

இரு வண்டிகளும் 1948-இல் உலகுக்கு அறிமுகமானவை. லாண்ட் ரோவர் ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமிலும், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் அக்டோபரில் லண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. இலங்கை சுதந்திரம் பெற்றதும், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். துரைமாரின் வண்டிகளுக்குப் பதிவு எண் கிடைத்தது. அவை ஏறிய மலைப்பாதைகளை வெட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருக்கும் வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகித் துரைமார் வெளியேறிய பின்னரும் பல வண்டிகள் தங்கிவிட்டன. தகரம் தட்டும் கைத்திறன் இத்தகைய தட்டுப்பாட்டில்தான் செழித்தது. கராஜ்களில் டிங்கர் வேலை செய்தவரை மக்கள் ‘பாஸ்’ என்று மதிப்போடு அழைத்தனர்.

மலைநாட்டின் மழையும் மூடுபனியும் இரும்புக்குப் பகை. மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்கடியில் ஓடும் பக்கப் பெட்டியில் நீர் தேங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும். வெளியே சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி அரித்திருக்கும். அதை வெட்டுமுன் வண்டியின் வயிற்றுப்பகுதிக்கு முட்டுக்கொடுத்து, கதவுகளை அவற்றின் இடத்தில் மாட்டி, இடைவெளி சீராக உள்ளதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் உடல் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

லாண்ட் ரோவரின் நிலை வேறு. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு கிடைப்பது அரிதாயிருந்ததால் அதன் வெளித் தகடுகள் அலுமினியக் கலவையில் அமைந்தன. அவை எளிதில் அரிப்பதில்லை. ஆனால் சட்டகமும் முன்தடுப்பும் எஃகு. இரு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். நசுங்கிய அலுமினியத்தைத் தட்டத் தட்ட அது இறுகி வெடிக்கும். எனவே சூடேற்றி இளக்க வேண்டும். சூடேறினாலும் அதன் நிறம் மாறுவதில்லை. ஆகவே தகட்டில் சவர்க்காரம் பூசிச் சூடேற்றுவார்கள். சவர்க்காரம் கறுத்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு நேர்மையின் கேள்வியும் உண்டு. துருவை வெட்டியெறியாமல் அதன்மேல் பட்டி பூசி வர்ணம் அடித்தால் வண்டி சில மாதங்களுக்குப் பளபளக்கும். பட்டிக்கடியில் ஈரம் புகுந்து தன் வேலையைத் தொடரும். வாங்குபவர் காந்தம் ஒன்றை வைத்துப் பார்ப்பது இதனால்தான். பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

இந்த நாட்டின் கைத்திறன் வெளிநாட்டிலும் அறியப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் இலங்கைப் பங்காளியுடன் சேர்ந்து மைனருக்கான உடற்பகுதிகளை இங்கே செய்விக்கும் முயற்சியில் இறங்கினார். பிரிட்டன் கைவிட்ட காருக்கு அதன் முன்னாள் குடியேற்ற நாடு தகடு அடித்துக் கொடுத்தது!

புதுப்பிப்போர் எண்பலகையையும் பழைய வடிவிலேயே எழுத விரும்புவர். 1957 முதல் வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958-இல் அதற்குத் தார் பூசும் போராட்டம் வடக்கில் மூண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. வண்டி ரசிகருக்கு அழகாகத் தெரியும் அந்தச் சிறு பலகை, தமிழருக்கு வேறொன்றையும் நினைவூட்டும்.

1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. சாரதிகளும் கைவினைஞர்களும் அந்தக் கணக்கில் வெறும் எண்களாயினர். 2020 மார்ச்சில் மீண்டும் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025-இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் அருமை மீண்டும் உணரப்பட்டது. ஒரு காரைப் புதுப்பிப்போர் அதன் எஞ்சின் எண்ணையும் வர்ணத்தின் பெயரையும் கவனமாகக் குறித்துவைக்கிறார்கள். அதைத் தட்டி நிமிர்த்திய கைகளுக்குரியவரின் பெயரையும் ஏட்டில் எழுதிவைக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.