வணிகர் வாக்குக் கேட்ட வரலாறு

நம் ஜமாஅத்தார் பெரும்பாலும் வணிகம் செய்து வாழ்வோர். கடைவீதியில் கடை வைத்திருப்போரும், தோல், துணி, இரும்பு என மொத்த வணிகம் நடத்துவோரும், அரசுப் பணிகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்வோரும் நம்மிடையே உண்டு. தேர்தல் காலம் வந்துவிட்டால் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பேச்சு எழாமல் இருப்பதில்லை. “நம்மில் ஒருவர் சட்டமன்றத்திற்கு நின்றால் என்ன?” என்பதே அது. பேச்சு எழுந்த வேகத்தில் அடங்கியும் விடுகிறது. வணிகர் ஒருவர் சட்டமன்ற இருக்கைக்குப் போட்டியிடுவது என்பது இந்நாட்டில் எப்படித் தொடங்கியது, எங்கே மாறியது, எங்கே இடறியது என்பதைச் சற்றுத் தெளிவாக அறிந்துகொண்டால் அப்பேச்சுக்குப் பயன் உண்டாகும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வெள்ளையர் ஆட்சியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குள் நுழைய வணிகருக்கு இருந்த வாயில்கள் இன்றுள்ளவை அல்ல. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சென்னைச் சட்டமன்றத்திற்கு 215 இடங்களை வகுத்தது. அவற்றுள் 6 இடங்கள் வணிகத்திற்கும் தொழிலுக்கும் உரியவை. இவ்விடங்களுக்குப் பொதுமக்கள் வாக்களிப்பதில்லை. வணிக மன்றங்களின் உறுப்பினர்களே வாக்களிப்பர். நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்திற்கே தனியாக ஓர் இடம் தரப்பட்டிருந்தது என்றால் அம்முறையின் தன்மை விளங்கும். அத்தகைய இடத்திற்கு நிற்பவர் தெருத் தெருவாக அலைய வேண்டியதில்லை. தம்மோடு கொடுக்கல் வாங்கல் உள்ள சில நூறு பேரின் நம்பிக்கையைப் பெற்றால் போதும். நாணயம் தவறாதவர் என்ற பெயரே அங்கே முதலீடு.

மற்றொரு வாயில் முஸ்லிம்களுக்கான தனி வாக்காளர் தொகுதி. இதனை இன்று நாம் ‘தனித் தொகுதி’ என்று வழங்கும் ஒதுக்கீட்டுத் தொகுதியோடு குழப்பிக் கொள்ளலாகாது. இன்றைய தனித் தொகுதியில் வேட்பாளர் குறிப்பிட்ட பிரிவினராக இருத்தல் வேண்டும், வாக்காளர் எல்லாரும். 1909-ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தால் வந்த முறையிலோ வேட்பாளரும் முஸ்லிம், வாக்களிப்பவரும் முஸ்லிமே. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் இவ்வாறு 28 இடங்களும், முஸ்லிம் பெண் ஒருவருக்கென ஓர் இடமும் இருந்தன. வாக்குரிமையும் எல்லாருக்கும் இல்லை. வரி கட்டுவோர், சொத்துடையோர், எழுதப் படிக்கத் தெரிந்தோர் என வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் அதில் பெரும் பங்கு நிலக்கிழாரும் வணிகருமாகவே இருந்திருப்பர். வணிகரான வேட்பாளருக்கு அது தம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போலத்தான்.

இவ்வாயில் வழியே சென்னைச் சட்டமன்றத்திற்குள் சென்றவர்களுள் தலையாயவர் கண்ணியமிக்க காயிதே மில்லத் மர்ஹூம் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள். 1896-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரிப் படிப்பைத் துறந்தவர். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். அவரை அரசியல் தலைவராக மட்டுமே நினைவுகூரும் நாம், அவர் வணிகராக இருந்தவர் என்பதைப் பெரிதும் மறந்துவிட்டோம். அவருடைய பேச்சில் ஆரவாரம் இருக்காது. சொன்ன சொல்லை மாற்றும் வழக்கமும் இருக்காது. மண்டியில் வளர்ந்த பழக்கம் மன்றத்திலும் தொடர்ந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. இது நம் ஊகமே.

1937-இல் நடந்த தேர்தலில் முஸ்லிம் லீக் சென்னையில் பத்து இடங்களைச் சுற்றியே பெற்றது. காங்கிரஸ் கட்சியின் மஞ்சள் பெட்டி பேரலையாய் எழுந்த தேர்தல் அது. 1946-இல் நிலை தலைகீழாக மாறியது. முஸ்லிம்களுக்கென வகுக்கப்பட்ட இடங்களை ஏறத்தாழ முழுமையாக லீக் கைப்பற்றியது. காங்கிரஸ் ஆட்சி அமைத்தது. இரண்டாவது பெரிய கட்சியின் தலைவர் என்ற முறையில் இஸ்மாயீல் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என மூன்று முதலமைச்சர்களை அவர் எதிர் வரிசையிலிருந்து கண்டார். 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1946-இன் வெற்றி பெரிது. ஆயினும் அது நம்மவர் நம்மவரிடம் பெற்ற வெற்றி. அடுத்த தெருவில் குடியிருக்கும் முஸ்லிமல்லாத வாக்காளரிடம் அவ்வேட்பாளர்கள் ஒரு வாக்கும் கேட்கவில்லை; கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அதே போல் அத்தெருவில் நின்ற வேட்பாளரும் நம் வீட்டு வாயிலுக்கு வரவில்லை. நாளெல்லாம் ஒரே கடைவீதியில் கொடுத்து வாங்கி வாழ்ந்தவர்கள் தேர்தல் நாளன்று மட்டும் வெவ்வேறு பட்டியலில் நின்றனர்.

நாடு விடுதலை பெற்றது. 1947 ஆகஸ்டு இறுதியில் அரசியல் நிர்ணய சபையில் தனி வாக்காளர் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார், அது தோற்றது. 1948 மார்ச் 10-இல் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாகி, இஸ்மாயீல் சாஹிப் அதன் தலைமையை ஏற்றார். 1949 மே மாதம், சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டையே கைவிடுவது பற்றிய தீர்மானம் வந்தபோது, தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அவரே எழுந்து வாதாடினார். அதே அவையில் பேகம் ஐஜாஸ் ரசூல் அம்மையார் அதற்கு நேர்மாறான கருத்தை வைத்தார். தனித்து நிற்பது சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து என்றைக்கும் பிரித்தே வைக்கும் என்பது அவர் கருத்து. இருவரும் தம் சமுதாயத்தின் நலனையே எண்ணிப் பேசினர். இஸ்மாயீல் சாஹிபின் திருத்தம் ஏற்கப்படவில்லை.

அதன் பிறகு 1952-ஆம் ஆண்டுத் தேர்தல். இருபத்தொரு வயது நிறைந்த அனைவருக்கும் வாக்கு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். வாக்காளர் தாம் விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். வணிக மன்ற இடங்களும் இல்லை, தனி வாக்காளர் பட்டியலும் இல்லை. 375 உறுப்பினர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் முஸ்லிம் லீகிற்குக் கிடைத்தவை 5 இடங்கள்; அவையும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த மலபார்ப் பகுதியில். ஆறாண்டுகளுக்கு முன் எதிர்க்கட்சியாக வீற்றிருந்த கட்சியின் நிலை இது. இஸ்மாயீல் சாஹிப் மாநிலங்களவைக்குச் சென்றார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது கேரளத்தின் மஞ்சேரி. பிறந்த பேட்டையும் வணிகம் செய்த சென்னையும் அல்ல. 1972 ஏப்ரலில் அவர் மறைந்தபோது மஞ்சேரியின் உறுப்பினராகவே மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கப்பட்டார்.

தமிழகத்தில் பொது வாயில் திறக்க 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அறிஞர் அண்ணா அமைத்த கூட்டணியில் லீக் இடம்பெற்றது. தி.மு.கழகம் 137 இடங்களை வென்ற அத்தேர்தலில் லீகிற்கு 3 இடங்கள். 1946-ஐ நோக்க எண்ணிக்கையில் இது மிகச் சிறிது. ஆயினும் இம்மூவருக்கும் வாக்களித்தவர்கள் எல்லாச் சமயத்தாரும் ஆவர். எது பெரிய வெற்றி என்பதில் நம் பெரியவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. நாம் பின்னதையே பெரிது என்போம்.

வாக்காளரைப் பற்றிய கதை இது. வணிகரான வேட்பாளருக்கு வேறொரு தடையும் இருந்தது. அதனைப் பற்றி நம்மிடையே அறிந்தோர் குறைவு. அது அவருடைய சொந்தக் கணக்கிலேயே ஒளிந்திருந்தது.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், அரசுக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்தத்திலோ அரசு வேலைகளை முடித்துத் தரும் ஒப்பந்தத்திலோ பங்குடையவர் சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ நிற்கத் தகுதியற்றவர் என்று விதித்தது. காரணம் வெளிப்படை. அரசிடம் பணம் பெற வேண்டியவர் அரசைத் தட்டிக் கேட்கும் இடத்தில் அமர்தல் தகாது. இவ்விதி முதல் தேர்தலிலேயே ஒரு பீடி வணிகரைப் பதம் பார்த்தது. அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பண்டாரா நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் சதுர்புஜ் வித்தல்தாஸ் ஜசானி. மூல்ஜி சிக்கா கம்பெனி என்ற பீடி நிறுவனத்தின் பங்குதாரர் அவர். அந்நிறுவனம் இராணுவ வீரர்களுக்கான கேன்டீன்களுக்குப் பீடி வழங்கி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் பெயரில் முறைப்படி எழுதப்படவில்லை, ஆகவே அது அரசுடனான ஒப்பந்தமே அன்று என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சரக்கு ஒப்படைக்கப்பட்டாலும், அதற்குரிய பணம் வந்து சேரும் வரை ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்று 1954 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

அரசிடம் பில் போட்டுவிட்டுக் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மாதக்கணக்கில் அலைவது போதாதென்று, அப்பாக்கியே வேட்பாளரின் பதவியையும் பறிக்கும் என்றால் வணிகர் என்ன செய்வார்? அவ்வழக்கில் மற்றொரு வேட்பாளரின் மனு தவறாகத் தள்ளப்பட்டதும் நிறுவப்பட்டது. தேர்தல் முழுவதும் செல்லாதென அறிவிக்கப்பட்டது. அதனால் வந்த 1954-ஆம் ஆண்டு இடைத்தேர்தலில்தான் பண்டாராவின் ஒதுக்கீட்டு இடத்திற்கு டாக்டர் அம்பேத்கர் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். ஒரு பீடிக் கம்பெனியின் கணக்கில் தொடங்கிய வழக்கு எங்கே சென்று முடிந்தது, பாருங்கள்.

இக்கடுமை பின்னர்த் தளர்ந்தது. 1966-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 9-ஏ பிரிவின் விளக்கம், ஒப்பந்தக்காரர் தம் பங்கை முழுதும் நிறைவேற்றிவிட்டால், அரசு பணம் தராத ஒரே காரணத்தால் ஒப்பந்தம் தொடர்வதாகக் கொள்ளலாகாது என்கிறது. ஆனால் வேலையை முடிக்காமல் வேட்புமனு தாக்கல் செய்தவருக்கு இச்சலுகை இல்லை. அடுத்த ஆண்டே மைசூர் மாநிலத்தில் இது மெய்யாயிற்று. 1967 தேர்தலில் யாத்கிரி சட்டமன்றத் தொகுதியில் இருவரே களத்தில் இருந்தனர். வென்றவருக்கு மாநில அரசுடன் நிலுவையில் ஒப்பந்தம் இருந்தது உச்ச நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. தகுதியற்றவருக்கு விழுந்த வாக்குகள் வீணானவை என்று கொண்டு, மறுதேர்தல் இல்லாமலேயே, தோற்றவர் வென்றவராக அறிவிக்கப்பட்டார். மூவர் நின்றிருந்தால் இப்படி நேர்ந்திராது. வாக்குகள் யாருக்குச் சென்றிருக்கும் என்று சொல்ல இயலாது என்பதால் மறுதேர்தலே வழி. அவ்வேட்பாளரை நம்பி வாக்களித்த ஆயிரக்கணக்கானோர் செய்த பிழை ஒன்றுமில்லை. அவர் தம் ஒப்பந்தத்தை முன்னரே முடித்துக்கொள்ளாததற்கு அவர்களும் சேர்ந்தே இழந்தனர்.

9-ஏ பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. சட்டமன்ற வேட்பாளரைப் பொறுத்தவரை அது மாநில அரசுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தையே குறிக்கிறது. மத்திய அரசுடன் உள்ள ஒப்பந்தம் சட்டமன்றத்திற்குத் தடையன்று. 1951-இல் 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற வைப்புத் தொகை 1996-இல் 5,000 ரூபாயாகவும், பின்னர் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாத தோல்வியாளர் அத்தொகையை இழப்பார். 2002, 2003-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரத்தில் தர வேண்டும். 2018-க்குப் பின் படிவம் 26-இல் வருமானம் வரும் வழிகளையும், வேட்பாளர், துணைவர், அவரைச் சார்ந்தோர் ஆகியோர் அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் எழுத வேண்டும். பள்ளிவாசல் முற்றத்தில் பெயர் அடிபடும் நண்பர் எவராயினும், அடுத்த தேர்தலுக்கு முன் அப்படிவத்தை ஒருமுறை வாங்கி, தம் கணக்கரோடு அமர்ந்து படித்துப் பார்ப்பாராக.